நல்லம்பள்ளியிலிருந்து ஒரு பிட்யூட்டரி

நல்லம்பள்ளி வட்டத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயதைத் தொடாத ஒரு பெண்ணுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி. மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளிக்கப் போனவள் அங்கேயே மயங்கி விழுகிறாள். வண்டி வருவதற்குள் உயிர் போய்விடுகிறது. கல்யாணமாகி நான்கு வருஷம், கையில் இரண்டு வயதுக் குழந்தை. பிறந்த வீட்டார் வந்து இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "எங்க பொண்ணுக்கு என்னத்தக் குடுத்தீங்க?" புகுந்த வீட்டாருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லவில்லை. எந்த வட்டத்திலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட மரணத்தில் விடை இறந்தவளின் வயிற்றில் இல்லாமல், இரு கண்களுக்கும் பின்னால் மண்டை ஓட்டின் அடித்தளத்தில் உள்ள ஒரு குழிக்குள் இருக்கக்கூடும். அந்தக் குழியில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. பள்ளிப் பாடப்புத்தகத்தில் கபச் சுரப்பி என்று படித்திருப்போம். தருமபுரிச் சந்தையில் விற்கிற அவரைக் கொட்டை ஒன்றின் அளவுதான் இருக்கும். எடை அரை கிராமுக்குச் சற்று மேல். தைராய்டுக்கும் அட்ரினலுக்கும் சினைப்பைக்கும் பால் சுரப்புக்கும் கட்டளை போவது இங்கிருந்துதான். நம் ஊர் உடற்கூறாய்வுகளில் இதைத் தனியே எடுத்து அனுப்புவது அரிது. எடுத்து அனுப்பினால் அது எந்த வழியாகப் போகும், போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன சொல்லும் என்று கூடவே போய்ப் பார்க்கலாம்.

பயணம் காவல் நிலையத்தில் தொடங்குகிறது. திடீர் மரணம், சந்தேக மரணம் என்றால் முன்பெல்லாம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174 என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு. பெண்ணுக்குத் திருமணமாகி ஏழு ஆண்டு ஆகவில்லை, மரணத்தில் சந்தேகம் இருக்கிறது என்றால் உடற்கூறாய்வு கட்டாயம். விசாரணையும் போலீசோடு நிற்காமல் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் போகும். பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை அறிக்கை எழுதுகிறார்கள். உடம்பில் காயம் உண்டா, வாயில் நுரை உண்டா, கடைசியாகச் சாப்பிட்டது என்ன, குடும்பத்தில் தகராறு உண்டா என்று கேள்விகள் வரிசையாக வரும். பிரசவத்தின்போது அவளுக்கு ரத்தம் நிறையப் போனதா, அதன்பிறகு பால் சுரந்ததா, மாதவிடாய் திரும்பி வந்ததா என்று அந்தத் தாளில் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. பின்னால் மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரப்போகிறவருக்கு இந்த மூன்றும்தான் வேண்டும்.

நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அங்கே இருப்பதால், முந்தைய தலைமுறைபோல் சேலத்துக்கு ஓட வேண்டியதில்லை. தூரம் குறைந்தது பெரிய நன்மை. சித்திரை வெயிலில் கிடக்கும் உடம்பில் திசுக்கள் தம்மைத் தாமே கரைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். இதைத் தன்னழிவு என்கிறார்கள். அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி வெகு சீக்கிரம் கூழாகும். கணையமும் அப்படியே. எலும்புக் குழிக்குள் மூடிக் கிடப்பதால் பிட்யூட்டரி சற்றுத் தாக்குப்பிடித்தாலும், அதற்கும் எல்லை உண்டு. உடம்பைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைப்பது நாற்றத்தைத் தடுக்க மட்டும் என்று நினைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சாட்சியத்தைக் காப்பதும் அதுதான்.

பிணவறை மேசையில் உச்சந்தலைத் தோலை ஒரு காதின் பின்புறத்திலிருந்து மறு காது வரை கீறி, முன்னும் பின்னுமாக மடக்குகிறார்கள். ரம்பத்தால் மண்டை ஓட்டை வட்டமாக அறுத்து மூடியைப் போல் எடுத்தால் மூளையுறை தெரியும். அதையும் வெட்டி, மூளையின் முன்பகுதியை விரல்களால் மெல்ல மேலே தூக்குவார்கள். தூக்கும்போது கண்ணுக்குப் போகும் நரம்புகள் வெள்ளையாகத் தெரியும். அவற்றை வெட்டியதும் அடுத்து நிற்பது மெல்லிய ஒரு காம்பு. பிட்யூட்டரி மூளையோடு தொங்குவது இந்தக் காம்பில்தான். இதையும் வெட்டினால்தான் மூளை வெளியே வரும். மூளை வந்துவிடும், சுரப்பி குழிக்குள்ளேயே தங்கிவிடும். பல உடற்கூறாய்வுகளில் அதன் பயணம் இங்கேயே முடிகிறது. மூடியை வைத்து, தோலைத் தைத்து, உடம்பை ஒப்படைத்துவிடுவார்கள்.

எடுக்க வேண்டும் என்றால் கூடுதலாகச் சில நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். குழியின் பின்சுவர் மெல்லிய எலும்பு. சிறிய உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உடைந்து பின்னால் சாயும். குழியின் மேலே கூரைபோல் மூடியிருக்கும் சவ்வை ஓரமாக அறுத்துக்கொண்டு போய், அந்தச் சவ்வைப் பிடித்தே சுரப்பியைத் தூக்க வேண்டும். சுரப்பியை இடுக்கியால் கவ்வினால் போயிற்று. சுரப்பியின் முன்மடல் அவ்வளவு மென்மையானது. நசுங்கிய செல்லைப் பார்த்து, நோயால் நசிந்ததா இடுக்கியால் நசிந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது பாட்டில். சின்ன விஷயம்போலத் தெரியும் இந்த இடத்தில்தான் அதிகம் கெடுகிறது. விஷம் இருக்கிறதா என்று பார்க்க இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகத் துண்டுகளைக் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். திசு ஆய்வுக்குப் போகும் துண்டுகள் 10 சதவீத ஃபார்மலினில் போக வேண்டும். ஃபார்மலினில் போட்டால் விஷப் பரிசோதனை பாழ், உப்பில் போட்டால் திசு பாழ். இரண்டு பாட்டில், இரண்டு முகவரி. பாட்டிலோடு போகும் கடிதத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வரி இருக்கும்: "மரணத்துக்கான காரணம் அறிய". நோய்க்குறியியல் துறையில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஒரு வரியை வைத்து என்ன செய்வார்? இறந்தது ஐந்து நிமிஷத்திலா, ஐந்து நாளிலா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஆய்வகத்தில் சுரப்பி ஒரு நாளாவது ஃபார்மலினில் ஊறி இறுக வேண்டும். பிறகு முன்மடல், பின்மடல் இரண்டும் ஒரே வெட்டில் தெரிகிற மாதிரி கிடைமட்டமாக அறுப்பார்கள். ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி, சைலீனில் முக்கி, உருகிய பாரஃபின் மெழுகில் அமிழ்த்தி வெள்ளைக் கட்டியாக்குவார்கள். மைக்ரோடோம் அதை மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீவல்கள் வெதுவெதுப்பான நீரில் நாடாவாக மிதக்கும்போது கண்ணாடிச் சில்லால் ஏந்தி எடுத்து, ஹீமடாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களை ஏற்றுவார்கள். நல்லம்பள்ளியில் கிளம்பியது இப்போது ஸ்லைடாகிவிட்டது.

நல்ல நிலையில் உள்ள முன்மடலை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது கண்ணுக்கு இதமானது. இளஞ்சிவப்புச் செல்கள் ஓரங்களில் கூட்டமாக நிற்கும். வளர்ச்சி ஹார்மோனும் பால் சுரப்புக்கான ஹார்மோனும் அவற்றின் பொறுப்பு. நீலம் ஏறிய செல்கள் அட்ரினலையும் தைராய்டையும் சினைப்பையையும் ஏவுபவை. சாயமே ஏறாமல் வெளிறி நிற்பவையும் நிறைய உண்டு. இந்தக் கூட்டங்களுக்கு இடையே வாய்க்கால் வாய்க்காலாக ரத்தத் தந்துகிகள். அந்த ரத்தம் வரும் வழியில்தான் இந்தச் சுரப்பியின் பலவீனம் இருக்கிறது. மற்ற உறுப்புகளுக்குத் தமனி நேரே வந்து ரத்தம் ஊற்றும். முன்மடலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரத்தம் முதலில் மேலே காம்பின் அருகே ஒரு தந்துகிப் பின்னலில் இறங்கி, அங்கே மூளை சுரக்கும் கட்டளைகளை வாங்கிக்கொண்டு, காம்பின் வழியாகச் சிறு சிரைகளில் கீழே வரும். 1930-ல் லண்டனில் கிரிகோரே போபாவும் உனா ஃபீல்டிங்கும் இந்தச் சிரைகளை விவரித்தபோது, ரத்தம் கீழிருந்து மேலே போகிறது என்றே கருதினார்கள். 1936-ல் விஸ்லாக்கியும் கிங்கும் அது மேலிருந்து கீழே இறங்குவதைக் காட்டினார்கள். கடைமடைக்கு வரும் இந்த ரத்தம் அழுத்தம் குறைந்தது. உடம்பில் ரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் வறளும் இடங்களில் முன்மடலும் ஒன்று. பின்மடலுக்குத் தனித் தமனி இருப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

திடீர் மரணத்தில் இந்தத் திசுவில் என்ன மாற்றம் தெரியும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. மரணம் உண்மையிலேயே திடீரென்று வந்திருந்தால், அந்த மரணத்தால் ஏற்பட்ட மாற்றம் ஏறக்குறைய எதுவும் தெரியாது. தந்துகிகளில் ரத்தம் தேங்கியிருக்கும், அங்கங்கே சின்னக் கசிவு இருக்கலாம். இவை தூக்கிலும் உண்டு, மாரடைப்பிலும் உண்டு, நீரில் மூழ்கியதிலும் உண்டு. அவற்றை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ரத்தம் கிடைக்காமல் ஒரு செல் செத்தாலும், செத்தது மைக்ராஸ்கோப்பில் தெரியப் பல மணி நேரம் ஆகும். உட்கரு சுருங்க வேண்டும், நிறம் மாற வேண்டும், வெள்ளையணுக்கள் ஓடி வர வேண்டும். இத்தனையும் நடக்க மனிதர் உயிரோடு இருக்க வேண்டும். செத்த திசுவைச் சுற்றி உயிருள்ள உடம்பு காட்டும் எதிர்வினைதான் நசிவுக்கு அடையாளம். அந்த எதிர்வினை இல்லாமல் எல்லாச் செல்லும் ஒரே சீராக மங்கியிருந்தால் அது இறந்தபின் நடந்த தன்னழிவு.

நல்லம்பள்ளிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாயைச் சொன்னால் இது சட்டென்று புரியும். தேசிய நெடுஞ்சாலை 44 சேலத்தை நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் நின்ற வண்டிகளை நசுக்கிய செய்திகளைப் படித்துக்கொண்டே இருக்கிறோம். 2024 ஜனவரியில்கூட ஒரே விபத்தில் நான்கு பேர் போனார்கள். பொதுவாக இத்தகைய விபத்தில் ஒருவர் தலையில் அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்தால், காம்பு அறுந்திருந்தாலும் முன்மடல் ஸ்லைடில் முழுசாகத்தான் இருக்கும். அதே அடி பட்டவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் கிடந்து இறந்தால் முன்மடலின் நடுப்பகுதி செத்து வெளிறியிருக்கலாம். தலைக்காயத்தில் முன்மடல் இப்படிச் சாவதை டேனியல், பிரிச்சார்ட், ட்ரெய்ப் ஆகியோர் 1959-ல் லான்செட் இதழில் விவரித்தார்கள். அடி ஒன்றே. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இறந்த நேரமும் விழுந்த நேரமும் கடிதத்தில் இல்லாவிட்டால் அந்த ஸ்லைடு பாதி ஊமை.

ஆனால் இன்னொரு வகை உண்டு. ஊருக்குத் திடீரென்று வந்தது போலத் தெரிந்து, உள்ளே வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருந்த மரணம். இங்கே பிட்யூட்டரி வாயைத் திறந்து பேசும்.

கிளாஸ்கோ ராயல் மகப்பேறு மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்த ஹெரால்ட் ஷீஹன், பிரசவத்தில் இறந்த பெண்களின் பிட்யூட்டரியை விடாமல் எடுத்துப் பார்த்தவர். கர்ப்பத்தில் இந்தச் சுரப்பி பெரிதாகும். ரத்தத் தேவையும் கூடும். அந்த நேரத்தில் குழந்தை பிறந்த கையோடு ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தால் முன்மடல் செத்துப்போகிறது என்று 1937-ல் எழுதினார். பிரசவித்த பெண்களின் பிட்யூட்டரி நசிவை 1913-ல் போலந்தின் கிளின்ஸ்கியும், அடுத்த ஆண்டு ஹாம்பர்க்கில் சிம்மண்ட்சும் முன்பே பார்த்திருந்தார்கள். என்றாலும் ரத்தப்போக்கோடு அதை அழுத்தமாக முடிச்சுப்போட்டவர் ஷீஹன்தான். அவர் பெயரிலேயே இன்றும் அந்த நோய் அறியப்படுகிறது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நம் வீடுகளில் இதற்கு ஒரு வாக்கியம் இருக்கிறது: "புள்ள பெத்ததுல இருந்து அவளுக்கு உடம்பே தேறல." பால் சுரக்கவில்லை, புட்டிப்பால் கொடுத்தார்கள். மாதவிடாய் வரவில்லை, அதைப் பேறு என்றே எடுத்துக்கொண்டார்கள். எப்போதும் அசதி, குளிர் தாங்கவில்லை, அக்குள் முடி உதிர்ந்துவிட்டது, முகம் வெளிறிப்போனது. சோகை என்று சத்து மாத்திரை கொடுப்பார்கள். சோம்பேறி என்ற பட்டம் தனியாக வரும். இப்படிப் பத்து, பதினைந்து வருஷம்கூட ஓடும். பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சல் வரும். காய்ச்சலை, வாந்தியை எதிர்த்து நிற்க உடம்புக்குக் கார்டிசால் வேண்டும். அதைச் சுரக்கச் சொல்ல பிட்யூட்டரி இல்லை. அழுத்தம் விழும், ரத்தத்தில் சர்க்கரையும் சோடியமும் விழும், ஆள் சாய்ந்துவிடுவார். ஹைட்ரோகார்டிசோன் ஊசி 100 மில்லிகிராம் அந்த நேரத்தில் ஏறினால் எழுந்து உட்கார்ந்துவிடக்கூடிய உயிர் அது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் சர்காரும் அவர் குழுவினரும் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 20 வயதைத் தாண்டிய பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரசவித்தவர்கள். தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் வீட்டில் பிரசவித்து ரத்தம் சிந்திப் பிழைத்தவர்கள் இன்று ஐம்பது வயதில் நம்மோடு இருக்கிறார்கள். மலையோரக் கிராமங்களில் நிச்சயம் இருக்கிறார்கள்.

ரத்தம் போகாமலும் முன்மடல் அழியும். 1962-ல் கவுடியும் பிங்கர்ட்டனும் எழுதிய ஒரு கட்டுரை 22 வயதுப் பெண்ணைப் பற்றியது. இரண்டாவது குழந்தை பிறந்து பதினான்கு மாதம். அசதி அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் கழுத்தில் தைராய்டு வீங்கியிருந்தது. வயிற்று வலி என்று வந்தாள், குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. சில மணி நேரத்தில் அழுத்தம் விழுந்து இறந்துபோனாள். உடற்கூறாய்வில் பிட்யூட்டரியை எடுத்துப் பார்த்தால் முன்மடல் முழுவதும் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் புகுந்து செல்களை அழித்திருந்தன. உடம்பு தன் சுரப்பியைத் தானே தாக்கிக்கொள்ளும் அந்த நோய் மருத்துவ உலகுக்கு முதலில் தெரிந்ததே ஒரு பிணவறை மேசையில்தான். இந்தச் சுரப்பி குழிக்குள் விடப்பட்டிருந்தால் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்மேல்தான் பழி விழுந்திருக்கும். நாம் தொடங்கிய நல்லம்பள்ளிப் பெண்ணின் வீட்டில் பழி கணவன்மேலும் மாமியார்மேலும் விழும். விஷப் பரிசோதனை "விஷம் இல்லை" என்று திரும்பி வந்தாலும் அந்தப் பழி போகாது. காரணம் என்ன என்று யாராவது சொன்னால்தான் போகும்.

தருமபுரி மண்ணில் முன்மடல் அழிவதற்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. கண்ணாடி விரியன். வயல் வரப்பிலும் கரும்புத் தோட்டத்திலும் கடிக்கும் இந்தப் பாம்பின் விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளைக் கிளப்பிவிட்டு, சிறு சிறு கட்டிகளாக உறையச் செய்து, உறைவதற்கான சரக்கையெல்லாம் தீர்த்துவிடும். அதன்பிறகு எங்கு வேண்டுமானாலும் கசியும். அழுத்தமும் விழும். கடைமடையில் இருக்கும் முன்மடல் கட்டிகளாலும் கசிவாலும் ஒரே நேரத்தில் தாக்கப்படுகிறது. கேரள மருத்துவர்கள் 1976-ல் விரியன் கடிக்குப் பிறகான பிட்யூட்டரிச் செயலிழப்பைப் பதிவு செய்தார்கள். பர்மாவில் துன் பேயும் டேவிட் வாரெல் முதலானோரும் 1987-ல் லான்செட்டில், விரியன் கடித்தவர்களிடம் ஷீஹன் நோயைப் போன்ற நிலை உடனேயும் வரும், நாள்பட்டும் வரும் என்று காட்டினார்கள். அங்கே கடித்து இறந்தவர்களின் பிட்யூட்டரியில் ரத்தக்கசிவும் நசிவும் கண்ணெதிரே தெரிந்தன. விஷமுறிவு மருந்து போட்டு, டயாலிசிஸ் செய்து, சிறுநீரகத்தைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது இரண்டு வருஷம் கழித்து ஆண்மைக் குறைவு, அசதி, முடி உதிர்தல் என்று வருவார்கள். பாம்புக் கடியோடு அதை முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிழைத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பங்கு தயாராகிறது. உயிரைக் காக்கும் அந்த வேலையைத் தமிழர்கள் செய்கிறோம். 2024-ல் பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகவும் தமிழ்நாடு ஆக்கிவிட்டது. பிழைத்தவரை ஆறு மாதம் கழித்து வரச்சொல்லி கார்டிசாலும் தைராய்டும் பார்ப்பதுதான் அடுத்து வர வேண்டிய படி.

ஸ்லைடு சொல்லும் இன்னொரு செய்தி வலி மாத்திரைப் பொட்டலத்தைப் பற்றியது. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயரில்லாத காகிதப் பொட்டலத்தில் மாத்திரை கொடுக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் டெக்சாமெத்தசோன், பெட்னிசால், பிரெட்னிசலோன் என்று ஸ்டீராய்டு கலந்திருப்பது வாடிக்கை. மாதக்கணக்கில் விழுங்கினால் பிட்யூட்டரியும் அட்ரினலும் வேலை இல்லை என்று ஓய்ந்துவிடும். ஒருநாள் பொட்டலம் கிடைக்காது, அல்லது "சூடு" என்று பயந்து அவரே நிறுத்திவிடுவார். அடுத்த காய்ச்சலில் சாய்வார். 1935-ல் ஆர்தர் க்ரூக் என்ற ஆங்கிலேயர், கார்டிசால் அதிகமுள்ளவர்களின் நீலச் செல்களுக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு வளையம் உண்டாவதைக் கண்டார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு விழுங்கியவர்களிடமும் அதே வளையம் தெரியும். யாரும் சொல்லாத பொட்டலத்தை இறந்தவரின் சுரப்பி சொல்லிவிடும். அந்த ஸ்லைடோடு மெலிந்துபோன அட்ரினலும் சேர்ந்தால் சந்தேகம் இருக்காது. சாதாரணமாக ஒவ்வொரு அட்ரினலும் 4, 5 கிராம் எடை இருக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பிட்யூட்டரியில் எதையாவது கண்டுவிட்டால் அதுவே மரணக் காரணம் என்று எழுதக் கூடாது. 1936-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் காஸ்டெல்லோ, பிட்யூட்டரி நோய் எதுவும் இல்லாதிருந்தவர்களின் 1,000 சுரப்பிகளை அறுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய 22 சதவீதத்தில் சிறு கட்டி இருந்தது. அவர்கள் அதோடு வாழ்ந்து வேறு எதனாலோ இறந்தவர்கள். திடீர் மரணங்களில் முதல் குற்றவாளி பெரும்பாலும் இதயத் தமனிதான். அதைத் திறந்து பார்த்து, மூளையைப் பார்த்து, நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்து, விஷம் இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்தச் சுரப்பியின் பேச்சுக்கு எடை வரும். அப்போதும் அது தனிச்சாட்சியாக நிற்கக் கூடாது. அட்ரினலின் எடையையும், கண்ணுக்குள் இருக்கும் நீரின் சோடியம் அளவையும் கூட வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நீர் ரத்தத்தைப்போல் இறந்தவுடன் குழம்பிவிடாது. சோடியம் மிகத் தாழ்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

பிணவறையிலிருந்து இந்தச் சுரப்பி வேறொரு பாதையிலும் போயிருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. 1958-ல் மாரிஸ் ரேபன், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்த வளர்ச்சி ஹார்மோனால் குள்ளமான சிறுவன் ஒருவனை வளர வைத்ததாக எழுதினார். அதன்பின் அமெரிக்காவில் 1963 முதல் 1985 வரை தேசிய அளவில் பிட்யூட்டரிகளைச் சேகரித்தார்கள். சுமார் 7,700 பேருக்கு அந்த ஹார்மோன் போனது. பிரிட்டனிலும் பிரான்சிலும் அப்படியே. பிரிட்டனில் பிணவறை ஊழியர்களுக்குச் சிறு தொகை கொடுத்துச் சுரப்பிகளைப் பெற்றார்கள். எந்த நோயால் இறந்தவருடைய சுரப்பி என்று சரியாகப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் ஒன்றாக அரைத்ததன் விலையாக, க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளையை அரிக்கும் நோய் அந்த ஊசி வழியாகப் பரவியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1985-ல் நிறுத்தினார்கள். உலகம் முழுவதும் 200-க்கு மேற்பட்டோர் அதனால் இறந்தார்கள், பலர் ஊசி போட்டுப் பல பத்தாண்டுகள் கழித்து. இறந்தவரின் உறுப்பு ஒன்று வெளியே போகும்போது எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று வீட்டாருக்குச் சொல்ல வேண்டும், தாளில் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. காரணம் அறிய எடுக்கிறோம், மெழுகுக் கட்டியாக வைத்திருப்போம் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் பெரும்பாலான வீட்டார் ஒப்புக்கொள்வார்கள். சொல்லாமல் எடுத்தால் "எதையோ திருடிட்டாங்க" என்ற பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லா உடற்கூறாய்விலும் பிட்யூட்டரியை எடு என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளில் வரிசையாக உடம்புகள் வரும் மருத்துவமனையில் அது நடக்காது, தேவையும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு தேறாமலே இருந்த பெண், விரியன் கடித்துப் பிழைத்தவர், ஸ்டீராய்டு விழுங்கிவந்தவர், காய்ச்சல் வாந்தியோடு சட்டென்று சாய்ந்தவர், விஷமும் மாரடைப்பும் இல்லை என்று ஆனவர் ஆகியோருக்கு மட்டுமாவது உளியை எடுக்கலாம். ஃபார்மலின் பாட்டிலோடு போகும் கடிதத்தில் ஒரு வரிக்குப் பதில் நான்கு வரி எழுதலாம்.

வாசகர்களிடம் கேட்பது இரண்டு. வீட்டில் யாராவது திடீரென்று இறந்து எஸ்.ஐ. வந்து கேள்வி கேட்கும்போது, அவர் கேட்காவிட்டாலும் பிரசவத்தில் ரத்தம் போனது, பாம்பு கடித்தது, என்ன மாத்திரை சாப்பிட்டார், எத்தனை மணிக்கு முதலில் சாய்ந்தார் என்பதைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். உடற்கூறாய்வு செய்யும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். இன்னொன்று உயிரோடு இருப்பவர்களுக்கானது. பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் பால் சுரக்காமல் போன அக்காவோ அம்மாவோ, கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்த அண்ணனோ இன்னமும் அசதியாகவே இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொல்லி, காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் ரத்தத்தில் கார்டிசாலும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர் அதை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.